கையோடு வந்த கம்பி

அத்தியாயம் 9

போன வாரம் அண்ணியைக் குளியலறை வாசலில் பாதம் நனைய நிறுத்திவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் நிற்கிறாள். கையில் காலி வாளி. முகத்தில் யாரையாவது கடித்துத் துப்பிவிடலாமா என்கிற கோபம்.

ஒரே ஒரு வாளித் தண்ணீர்தான் ஊற்றினாள். புதிதாக டைல்ஸ் ஒட்டிய தரையில் ஊற்றிய தண்ணீர் எங்கே போகவேண்டும்? மூலையில் இருக்கும் ஓட்டைக்குப் போகவேண்டும். இந்தத் தண்ணீர் ஓட்டையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாவகாசமாகத் திரும்பி வாசலைப் பார்த்து வந்தது. வாசலில் ஒரு விரல் உயரத்துக்கு எழுப்பியிருந்த சிமெண்ட் கட்டில் முட்டியது, தேங்கியது, பிறகு அதையும் தாண்டிப் படுக்கையறைக்குள் இறங்கியது.

அது சின்னவனின் அறை. சின்னவன் அவள் கணவனின் தம்பி, எலக்ட்ரீசியன். இரண்டு மாதத்துக்கு முன் அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடைப் பலகைக்கு விளக்குப் போட ஏணியில் ஏறியவன், ஏணியோடு தெருவில் விழுந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது மறுவாழ்வு மருத்துவமனையில் இருக்கிறான். வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறான். இன்று செவ்வாய்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணி, வேற எதுக்கு வேணாலும் உங்களைக் கூப்பிடுறேன். குளிக்கிறதுக்கு மட்டும் யாரையும் கூப்பிட வச்சுடாதீங்க."

அதற்காகத்தான் இந்தக் குளியலறை. அகலமான கதவு. சக்கர நாற்காலி தடையில்லாமல் உள்ளே போக தரையோடு சமமான வாசல். சுவரோடு ஒரு இருக்கை. பிடித்து எழுந்திருக்கப் பளபளவென்று ஒரு கம்பி.

மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்து இந்த ஒப்பந்தக்காரரைப் பிடித்தது அவள் கணவன் பெரியவன். வேலையை மேற்பார்த்ததும் அவன்தான். அண்ணிக்குப் பகலில் தொழிற்சாலை, மாலையில் மருத்துவமனை. "எல்லாம் நல்லா வந்திருக்கு, காயட்டும், யாரும் உள்ள போகாதீங்க" என்று பெரியவன் கதவைச் சாத்தி வைத்திருந்தான். நம்பினாள். இன்று காலை லீவு போட்டுவிட்டு, சின்னவன் வருவதற்குள் ஒரு முறை கழுவிவிடலாம் என்று உள்ளே போனவளுக்குத்தான் இந்த வரவேற்பு.

வாளியைக் கீழே வைத்தாள். போனை எடுத்தாள்.

அந்த ஒப்பந்தக்காரருக்கு இந்த வீட்டில் 'நாளைக்கு' என்று பெயர். மூன்று வாரத்தில் முடிய வேண்டிய வேலையை ஏழு வாரம் இழுத்ததில் அவர் சம்பாதித்த பெயர் அது.

"மேடம், நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்..."

"தண்ணி வாசலுக்கு வருது."

"புது டைல்ஸ் மேடம். கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். நான் நாளைக்கு..."

"இன்னிக்கு."

"இன்னிக்கு ஒரு சைட்ல கான்க்ரீட் போடுறோம் மேடம். நாளைக்குக் காலைல முதல் வேலையா..."

"பதினோரு மணிக்கு இங்க இருக்கணும். இல்லைன்னா அந்த கான்க்ரீட்ல நான் வந்து நிப்பேன். என்னை வச்சுத்தான் நீங்க பூசணும்."

வைத்துவிட்டாள்.

அண்ணிக்கு வேலை ஹெல்மெட் தொழிற்சாலையில். தரம் பார்ப்பவள். வரிசையாக வரும் ஹெல்மெட்டுகளைத் தட்டி, இழுத்து, வாரைச் சுண்டிப் பார்த்து, தேறாததின் மேல் சிவப்பு மெழுகுப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்குவாள். ஈரத்திலும் எழுதும் பென்சில். கைப்பையில் எப்போதும் ஒன்று கிடக்கும்.

அதை எடுத்துக்கொண்டு குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்தாள். கரண்டிக் காம்பால் ஒவ்வொரு டைலாகத் தட்டினாள். கீழே கலவை முழுதாகப் பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். இங்கே பாதிக்குமேல் காலி டப்பாவைத் தட்டியது போல் வந்தது. வெற்றுச் சத்தம் வந்ததற்கெல்லாம் குறி போட்டாள். நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று.

எழுந்து பார்த்தாள். தரைக்கு அம்மை போட்டது போல் இருந்தது.

அவள் போன் பண்ணியதும் பெரியவன் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தான். தரையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"கொஞ்சம் பொறுமையாப் பேசுவோமே. வியாழக்கிழமை அவன் வரான். இந்த நேரத்துல போய்..."

"இந்த நேரத்துல பேசாம, அவன் வழுக்கி விழுந்தப்புறம் பேசுவோமா?"

பெரியவன் வாயை மூடிக்கொண்டான். மூடிக்கொண்ட விதத்தில் என்னவோ இருந்தது. அப்போது அவள் கவனிக்கவில்லை.

நாளைக்கு வந்தபோது மணி பதினொன்றே முக்கால். வெள்ளை ஷூ, தலைக்குமேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் அளவு நாடா. அந்த நாடாவை அவர் நீட்டி இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பின்னால் டைல்ஸ்காரர் வந்தார். நரைத்த தாடி, முழங்காலில் காய்ப்பு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார்.

நாளைக்கு சிவப்புக் குறிகளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மேடம், தரைக்குப் பரீட்சை வச்சீங்களா?"

"வச்சேன். ஃபெயில்."

"டைல்ஸ்னா அங்கங்க கொஞ்சம் காத்து இருக்கும் மேடம். எந்த வீட்டுக்குப் போய்த் தட்டினாலும் இதே சத்தம்தான்."

"தண்ணி?"

"தண்ணிக்குத்தான் வாசல்ல கட்டு வச்சிருக்கோமே. எக்ஸ்ட்ரா வேலை. அதுக்கு நான் தனியா எதுவும் கேக்கலை பாருங்க."

வாசலில் கட்டியது ஒரு கட்டு, வாயில் கட்டுவது சப்பைக்கட்டு. அண்ணிக்கு உச்சந்தலை சூடானது.

"அந்தக் கட்டைத் தாண்டி சக்கர நாற்காலி எப்படிப் போகும்?"

"இதென்ன பெரிய மலையா? ஒரு விரக்கடை. ஒரு தள்ளு தள்ளினா ஏறிடும்."

"யார் தள்ளுறது?"

"நீங்க யாராவது..."

"யாரும் தள்ளக் கூடாதுன்னுதான் உங்களைக் கூப்பிட்டோம். முதல் நாளே சொன்னேன். 'புரியுது மேடம், எனக்கும் வீட்டுல பெரியவங்க இருக்காங்க'ன்னு நெஞ்சுல கைய வச்சீங்க."

"தனியாவே ஏறும் மேடம். சும்மா பயப்படுறீங்க."

அண்ணி படுக்கையறை மூலையில் சின்னவனுக்காக வாங்கி வைத்திருந்த சக்கர நாற்காலியை இழுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத புது நாற்காலி. அவர் முன்னால் நிறுத்தினாள்.

"உக்காருங்க."

"என்ன மேடம்..."

"தனியா ஏறும்னீங்க. ஏறிக் காட்டுங்க. இடது காலைக் கீழ வைக்காதீங்க. அவனுக்கு அது இல்லை."

டைல்ஸ்காரர் பார்க்கிறார், பெரியவன் பார்க்கிறான். உட்காராவிட்டால் மானம் போய்விடும். நாளைக்கு கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

சக்கரத்தை உருட்டினார். முன் சக்கரம் கட்டில் இடித்து நின்றது. பின்னால் போய் வேகமாக வந்தார். மறுபடி இடித்தது, இந்தத் தடவை அவர் பல் தட்டும் சத்தமும் கேட்டது. மூன்றாவது முறை முன்னால் குனிந்து, கதவு நிலையைப் பிடித்து, முகம் சிவக்க இழுத்து ஏற்றிவிட்டார்.

"பாத்தீங்களா! ஏறிடுச்சு!"

"ரெண்டு மாசமா படுத்துக் கிடக்கிறவன் இப்படி இழுப்பானா? சரி. இப்ப அந்த இருக்கைக்கு மாறுங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒத்தைக் கால்ல."

வெற்றி கண்ட தெம்பில் அவர் யோசிக்கவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். வலது காலை ஊன்றினார். உடம்பின் பாரத்தைக் கம்பியில் போட்டு எழுந்தார்.

கம்பியும் கூடவே எழுந்து வந்துவிட்டது.

பொலபொலவென்று பூச்சு உதிர, சுவரில் இரண்டு ஓட்டை வாயைப் பிளந்தன. நாளைக்கு கம்பியை மார்போடு அணைத்தபடி ஈரத்தரையில் சடாரென்று உட்கார்ந்தார். பாண்ட் எங்கோ கிழிந்த சத்தம் நன்றாகவே கேட்டது.

வேறொரு நாளாக இருந்திருந்தால் அண்ணி வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. உதிர்ந்து கிடந்த பூச்சின் நடுவில் இருந்து ஒரு திருகாணியைப் பொறுக்கி எடுத்தாள். அவள் சுண்டு விரலில் பாதி நீளம்கூட இல்லை.

"இதுலயா அவனைத் தொங்கவிடப் பாத்தீங்க?" குரல் கீழே இறங்கியிருந்தது. "கண்ணாடி மாட்டுற திருகாணி இது. செங்கல் வரைக்கும்கூடப் போகலை, பூச்சுலயே நின்னுடுச்சு. நீங்க ரெண்டு கால்காரர். உக்காந்து எந்திரிச்சுடுவீங்க. தையல் பிரிச்ச காலோட அவன் விழுந்திருந்தா?"

நாளைக்கு எழுந்து நின்று பின்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். பிறகு, தப்பு செய்தவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார். பக்கத்தில் இருப்பவன் மேல் போட்டார்.

"எல்லாம் இந்த ஆள் வேலை மேடம்! நல்லா செய்வான்னு நம்பி விட்டேன். சொதப்பிட்டான்."

டைல்ஸ்காரர் சுவரோரத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தார்.

"யாரைச் சொல்றீங்க?"

"உன்னைத்தான்யா."

"கம்பி நான் மாட்டலை. நான் மாட்டினா அதுல நீங்க இல்லை, ரெண்டு எருமை தொங்கலாம்." அவர் கை அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டது, கண் மட்டும் முதலாளியை விட்டு அகலவில்லை. "அக்கா, கேளுங்க. தண்ணி ஓட்டைக்கு ஓடுற மாதிரி தரைக்கு வாட்டம் போட்டுக் காய ஒரு நாள் கொடுங்கன்னேன். சாயங்காலத்துக்குள்ள ஒட்டி முடின்னாரு. அடியில தண்ணி இறங்காம இருக்க ரெண்டு கோட் மருந்து அடிக்கணும், டப்பா வாங்கிட்டு வாங்கன்னேன். நாளைக்குன்னாரு. கலவைக்கு சிமெண்டு பத்தலைன்னேன். நாளைக்குன்னாரு. இருபத்தாறு வருஷமா ஒட்டுறேன் அக்கா. இந்தத் தரையை என் வேலைன்னு சொல்ல எனக்கே கூசுது. அதான் உள்ள வரக்கூட இல்லை."

"அப்புறம் ஏன் ஒட்டினீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒட்டியிருக்கக் கூடாது."

நாளைக்குக்கு இப்போது மூச்சு வாங்கியது. கடைசியாக ஒரு சீட்டு வைத்திருந்தார். அதை எடுத்தார். நிஜமாகவே சட்டைப் பையிலிருந்து, நான்காக மடித்த ஒரு காகிதம்.

"மேடம், எல்லாரும் என்னையே பேசறீங்க. அந்தக் கட்டு யார் வைக்கச் சொன்னது? உங்க வீட்டுக்காரர். தண்ணி திரும்புதுன்னு நானே போன்ல சொன்னேன். தரையை எடுக்கணும்னா பத்து நாள் ஆகும்னேன். 'வேணாம், ஏதாவது கட்டி முடிங்க'ன்னார். இதோ, வேலை திருப்தியா முடிஞ்சுதுன்னு அவர் கையெழுத்து."

அண்ணி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்து கணவனுடையதுதான். சனிக்கிழமை தேதி.

திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"உள்ள வாங்க" என்றாள்.

சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கட்டு பத்தித் தெரியும். கம்பி இப்படின்னு சத்தியமா தெரியாது."

"இழுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பெரியவன் சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டான். "நான் உள்ளயே போகலை."

"என்னது?"

"ஏழு வாரமா ஒரு தடவைகூட உள்ள போகலை. வாசல்ல நின்னு பாப்பேன். வாசல்ல நின்னுதான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கம்பியைப் பாத்தாலே... அவன் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது கண்ணு முன்னால வருது. என் கடைக்கு விளக்குப் போடத்தானே ஏறினான். சீக்கிரம் முடிஞ்சு, இந்தக் கதவைச் சாத்திட்டாப் போதும்னு இருந்துச்சு."

அவள் மனது ஒரு நொடி இளகத்தான் செய்தது. அதை அவளே மறித்தாள்.

"உங்களால பாக்க முடியலைங்கிறதுக்காக அவன் இன்னொரு தடவை விழணுமா?"

அவன் மேடையில் சிந்திக் கிடந்த தண்ணீரைக் கையால் வழித்தான்.

"ரெண்டு மாசமா ராத்திரி பகலா வருத்தப்படுறீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த வருத்தத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ள போய் ஒரு வாளித் தண்ணி ஊத்தியிருக்கக் கூடாதா? என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? 'எல்லாம் நல்லா வந்திருக்கு'ன்னீங்களே, எப்படி வாய் வந்துச்சு?"

"தப்புதான்."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தால் அழுதது தெரிந்துவிடும்.

பின்னாலேயே வந்த பெரியவன் அவளைத் தாண்டிக்கொண்டு போனான். டைல்ஸ்காரரின் பையில் துருத்திக்கொண்டிருந்த சுத்தியலையும் உளியையும் கேட்காமலே உருவினான். குளியலறை வாசலில் மண்டியிட்டு, அந்தக் கட்டில் உளியை வைத்து ஓங்கி அடித்தான். கண்ணாடி துடைத்தே பழகிய கை. முதல் அடி தன் கட்டைவிரலிலேயே விழுந்தது. விரலை வாயில்கூட வைக்கவில்லை. அடுத்ததை ஓங்கினான்.

"சார், சார், என்ன பண்றீங்க!" என்றார் நாளைக்கு.

"உள்ள போறேன்" என்றான் பெரியவன்.

ஐந்தாவது அடியில் கட்டு பெயர்ந்தது. கூடவே இரண்டு டைல்ஸும் வந்தன, பிஸ்கட் போல முழுதாக. அடியில் மணல்தான் இருந்தது. விரலால் நோண்டினாலே உதிர்ந்தது. மருந்து அடித்த சுவடே இல்லை.

அண்ணி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாள். கட்டு, மணல், ஓட்டை, கம்பி, திருகாணி. பிறகு மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து நாளைக்குவை உட்காரச் சொன்னாள்.

"எழுதுங்க. தரை முழுக்கப் பேத்தெடுக்கணும். வாட்டம் போட்டுக் காயவிடணும். மருந்து ரெண்டு கோட், டப்பாவை நான் பாத்தப்புறம்தான் திறக்கணும். ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டி நிறுத்தி, ஒரு சொட்டு குறையலைன்னா அப்புறம்தான் டைல்ஸ். வாசல்ல கட்டு கிடையாது. கம்பி செங்கல்லுக்குள்ள இறங்கணும். எல்லாம் உங்க செலவு. அஞ்சு நாள்."

"அஞ்சு நாள் எப்படி மேடம், எனக்கு மத்த சைட்..."

"உங்க அட்டை எங்க குத்தியிருக்கு? ஆஸ்பத்திரி வார்டு வாசல்ல. 'நடக்க முடியாதவர்களுக்கான குளியலறை'ன்னு எங்க வீட்டு போட்டோவையே அதுல ஒட்டியிருக்கீங்க. நேத்துதான் பாத்தேன். நான் இப்ப அங்கதான் போறேன். அந்தப் படத்துக்குப் பக்கத்துல இந்தப் படத்தையெல்லாம் ஒட்டிட்டு வந்துடவா?"

நாளைக்கு முதல்முறையாக நாளைக்கு என்று சொல்லவில்லை. எழுதினார். அவர் பேனாவை மூடியதும் டைல்ஸ்காரர், "நானும் ஒரு கையெழுத்துப் போடுறேன் அக்கா. வேலை நான் செய்றேன்" என்று கேட்டு வாங்கிப் போட்டார்.

"சாமான் வந்து இறங்குற வரைக்கும் இந்த கான்ட்ராக்டர் இங்கதான் இருக்கணும்" என்று கணவனிடம் சொல்லிவிட்டு அண்ணி பஸ் பிடித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்ற வேண்டிய நேரம். தோன்றவில்லை. வியாழக்கிழமை இல்லை என்பதைச் சின்னவனிடம் யார் சொல்வது? அவள்தான் சொல்லவேண்டும்.

வார்டில் சின்னவன் கட்டிலில் உட்கார்ந்து ரப்பர் பட்டையைக் கையால் இழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில் காலியாக, துவைத்த விரிப்போடு இருந்தது. அவள் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். பெரியவன் உள்ளே போகாமல் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள். ரப்பர் பட்டை அவன் மடியில் விழுந்தது.

"இந்த பிளானை யாராவது என்கிட்ட காட்டினீங்களா அண்ணி?"

"உனக்கு அப்ப வலி. மருந்து மயக்கத்துல..."

"வலி கால்ல. கண்ணுல இல்லை, மூளையில இல்லை." கழுத்து நரம்பு புடைத்தது. "பதிமூணு வருஷமா வீடு வீடா ஏறி இறங்குறேன். ஒரு சுவத்தைத் தட்டினா உள்ள என்ன இருக்குன்னு சொல்லுவேன். எந்த மேஸ்திரி ஏமாத்துறான்னு அவன் செருப்பைப் பாத்தே சொல்லுவேன். குளிக்கப் போறது நான். என் உடம்பு. நீங்களா கூடிப் பேசி, நீங்களா முடிவு பண்ணி, நீங்களா ஏமாந்துட்டு வந்து நிக்கிறீங்க. நான் என்ன வீட்டுக்கு வர்ற பார்சலா?"

அறையின் எதிர்மூலையில் இருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

காலையிலிருந்து மூன்று ஆண்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட அண்ணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவனைப் பார்த்துப் பார்த்துச் செய்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அவனைக் கேட்டுச் செய்யவில்லை.

"தப்பு என்னோடது" என்றாள். "உன்னைக் கேட்டிருக்கணும்."

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பக்கமே பார்த்தபடி கேட்டான்.

"கம்பி அந்த ஆள் கையிலயா வந்துச்சு?"

"ஆமா."

"விழுந்தானா?"

"விழுந்தார்."

"நல்லா விழுந்தானா?"

"பாண்ட் கிழிஞ்சுது."

தோள் குலுங்கியது. சிரிப்புதான். ஆனால் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு மிச்சமில்லை. தொழில்காரன் முகம் வந்திருந்தது.

"வியாழக்கிழமை நான் வரத்தான் போறேன். தரை பேந்து கிடந்தாலும் வரேன். அந்த அஞ்சு நாளைக்கு அண்ணன் தண்ணி ஊத்தட்டும். யாரையும் கூப்பிட வச்சுடாதீங்கன்னேன்ல, இப்ப நானே கூப்பிடுறேன், அது வேற. சரி, இப்ப நான் கேக்கிறதுக்கு பதில் சொல்லுங்க. சுடுதண்ணி ஹீட்டர் மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு. கதவுக்குப் பக்கத்துல சுவிட்ச்."

"எர்த் கொடுத்திருக்கானா?"

"அது... எனக்கு எப்படித் தெரியும்?"

"யாராவது போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லை."

"இப்ப அங்க யார் இருக்கா?"

"உங்க அண்ணன். டைல்ஸ்காரரோட தரையைப் பேத்துக்கிட்டு இருக்கார்."

"ஈரத்துலயா?" அவன் கையை நீட்டினான். "போனைக் கொடுங்க."

நாலாவது மணியில் பெரியவன் எடுத்தான். பின்னால் சுத்தியல் சத்தம்.

"அண்ணே, எல்லாத்தையும் கீழ வை. வெளிய வா. போய் மெயினை ஆஃப் பண்ணு."

தம்பியின் குரலை இத்தனை அதிகாரத்தோடு கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. பெரியவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டது. "பண்ணிட்டேன்டா."

"ஹீட்டர் சுவிட்ச் மூடியைக் கழட்டு. எத்தனை ஒயர் இருக்கு?"

அண்ணி போனின் சத்தத்தைக் கூட்டினாள்.

"ரெண்டு. சிவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு."

"பச்சை, எர்த் ஒயர்? பின்னால மடிச்சு விட்டிருப்பாங்க, நல்லாப் பாரு."

"இல்லடா. ரெண்டுதான்."

சின்னவன் கண்ணை மூடித் திறந்தான். "அதைப் போட்டுக் குளிச்சிருந்தா, ஹீட்டர்ல ஒரு சின்னக் கோளாறு வந்தாப் போதும். தண்ணியே என்னை அடிச்சிருக்கும். எந்த எலக்ட்ரீசியன் இழுத்தான் இதை?"

போனில் டைல்ஸ்காரரின் குரல் வந்தது. "எலக்ட்ரீசியன் வரவே இல்லை தம்பி. வருவார் வருவார்னு பாத்துட்டு எங்க ஓனரே இழுத்து விட்டுட்டாரு. இப்ப சாமான் பாத்துட்டு வரேன்னு நழுவிட்டாரு. போன வாரம் தபால்காரர் வீட்டுலயும் அவரேதான் இழுத்தாரு, நான் அங்க போகலை. ஒரே ஒயர் கட்டு. அதுலயும் ரெண்டு கலர்தான் இருந்துச்சு."

"எந்தத் தபால்காரர்?"

"அவரும் அந்த ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு. இடுப்பு ஆபரேஷன் ஆன பெரியவர்."

சின்னவன் மெல்லத் திரும்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். அண்ணியும் பார்த்தாள். துவைத்த விரிப்பு, சுருக்கமில்லாத தலையணை.

"காலைல பத்து மணிக்குத்தான் போனார்" என்றான் சின்னவன். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு சந்தோஷமா சொல்லிட்டுப் போனார் அண்ணி. 'ரெண்டு மாசமா ஈரத் துணியால துடைச்சு விட்டாங்க, வீட்டுக்குப் போனதும் முதல் வேலை வெந்நீர்ல ஆசை தீரக் குளிக்கிறதுதான்'னார்."

அண்ணனின் போனை வைத்துவிட்டு, அவர் எழுதிக் கொடுத்திருந்த எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழுத்தினான்.

"எடுக்கலை. ஆஸ்பத்திரி ஆபீஸ்ல விலாசம் இருக்கும். ஓடுங்க அண்ணி!"

அவள் ஓடினாள். வார்டின் நீளமான நடையில் தன் காலடிச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் சேர்ந்து வருவதை உணர்ந்து திரும்பினாள். ஆஸ்பத்திரியின் சக்கர நாற்காலியை இரண்டு கையாலும் வெறியோடு உருட்டிக்கொண்டு, "நில்லுங்க தம்பி!" என்று கத்தும் நர்ஸைத் தாண்டி, சின்னவன் வந்துகொண்டிருந்தான்.